டெங்குன்னு சொல்லி கையெழுத்து வாங்கிட்டான்: பசங்ககிட்ட எச்ஐவி பத்தி வீட்டுல எப்படி பேசறீங்க?

கல்பாத்திக்கு_அந்தப்பக்கம் (இழையை ஆரம்பித்தவர்)

பாலக்காடு டவுனுக்குள்ளயே லைன் வீடுங்க, சுத்தியும் நம்ம தமிழ் ஆளுங்க நாப்பது குடும்பம் இருக்கும். நான் பொறந்தது பொள்ளாச்சி பக்கம், கல்யாணம் ஆகி வந்து பதினாலு வருசம், மலையாளம் நல்லா பேசுவேன், சண்டையே போடுவேன், ஆனா எழுத்து சுத்தமா தெரியாது. பஸ்ஸோட கலர பாத்து ஏறுற கேசு.

பையன் ஏழாவது, மலையாளம் மீடியம். போன மாசம் ஒரு பேப்பர கொண்டாந்து கையெழுத்து போடும்மான்னான். என்னடா இதுன்னேன். டெங்கும்மா, கொசு, தண்ணி தேங்க விடக்கூடாதாம்னான். அரிசி களைஞ்சுட்டு இருந்த கைய முந்தானைல தொடச்சுட்டு தமிழ்ல கையெழுத்து போட்டு குடுத்தேன். போட்டதோட நிக்காம கொல்லைல கிடந்த சிரட்டையெல்லாம் வேற கவுத்து வெச்சேன்.

ஒரு வாரம் கழிச்சு ஆஷா சேச்சி (வீடு வீடா வர்ற சுகாதார ஊழியர்) ரேஷன் கடைல பாத்து, பரவால்லயே உங்க லைன்ல நீ ஒருத்திதான் சம்மதம் குடுத்திருக்கேன்னு மெச்சிக்கறாங்க. அப்புறம்தான் தெரியுது, அது பருவ வயசு பசங்களுக்கு உடம்பு மாறறது, எச்ஐவி, போதை ஊசி இதெல்லாம் பத்தி கிளாஸ் எடுக்க பெத்தவங்ககிட்ட சம்மதம் கேட்ட பேப்பராம். மத்த வீட்டு பசங்க குடுக்கவே இல்ல, எவனோ கிழிச்சு ராக்கெட் விட்டிருக்கான்.

வந்த கோவத்துல அடிக்கத்தான் போனேன், ஆனா கை எழும்பல. எனக்கு பன்னெண்டு வயசு இருக்கறப்ப அப்பாகூட பஸ்ல கோயமுத்தூர் போறேன், ரோட்டோரம் பெரிய எய்ட்ஸ் விழிப்புணர்வு போர்டு, "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு. எழுத்து கூட்டாம படிக்க தெரியும்னு பெருமையா சத்தமா படிச்சேன். பஸ்சே திரும்பி பாத்துச்சு. அப்பா என் தலைய புடிச்சு முன்னாடி திருப்பி, பேசாம வான்னார். அதோட சரி, அந்த வார்த்தைய அவர் இருக்கற வரைக்கும் வீட்டுல யாரும் சொன்னதில்ல. அவர் லாரி டிரைவர்ங்க.

இப்ப விசயம் என்னன்னா, வர்ற ஞாயித்துக்கிழம எங்க குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல (பொம்பளைங்க சேமிப்பு குழு) பெத்தவங்கள உக்கார வெச்சு இத பேசணுமாம், தமிழ்ல பேச ஆள் இல்ல நீயே பேசுன்னு என் தலைல கட்டிட்டாங்க. எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?

எருத்தேம்பதி_மாமா

அம்மிணி தப்பா எடுத்துக்காதீங்க, ஏழாவது படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு? தூங்கறவன தட்டி எழுப்பற மாதிரி இருக்கு. நாங்கெல்லாம் எந்த கிளாசுக்கு போனோம், ஒழுங்கா குடும்பம் நடத்தலயா? ஒழுக்கமா வளத்தா போதும், பாக்கி தானா வரும். பையன் பொய் சொன்னதுக்கு மட்டும் ரெண்டு சாத்து சாத்துங்க.

வாளையார்_கிளீனர்

மாமா நான் ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க. பத்தாவது பெயிலாகி பதினாறு வயசுல லாரில கிளீனரா ஏறினவன் நான், 2004 அது. ஜிஎஸ்டி வந்தது 2017ல, அதுக்கு முன்னாடி வாளையார் செக்போஸ்ட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ரெண்டு பக்கமும் லாரி கியூ, நாள் கணக்குல கிடை. சீட்டாட்டம், சரக்கு, இருட்டினா மத்ததும். எனக்கு இந்த விசயத்துல வாத்தியார் யாருன்னா எங்க டிரைவர் அண்ணன். அவரு சொல்லிக்குடுத்த பாடம், ஆள் பாக்க சுத்தமா இருந்தா ஒண்ணும் வராது, முடிஞ்சதும் சோடா ஊத்தி கழுவிரு. இத நான் சத்தியமா நம்பினேன், மூணு வருசம்.

எங்கப்பா நல்ல மனுசன். நான் லாரி ஏறுற அன்னைக்கு எங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு, சம்பளத்த அம்மா கைல குடு. அவ்ளோதான். வேற ஏதாச்சும் சொல்லணும்னு வாய தொறந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் பீடி பத்த வெச்சுக்கிட்டார்.

லேப்_அக்கா

கிளீனர் தம்பி சொன்ன சோடா கதைய நான் லேப்ல வாரத்துக்கு ஒருக்கா கேக்கறேன். சோடா, டெட்டால், எலுமிச்சம்பழம். கழுவுறதால எச்ஐவி போகாது, புண்ணாகி ஆபத்து கூடத்தான் செய்யும். ஆள பாத்து கண்டுபுடிக்கவும் முடியாது, மாத்திரை இல்லாட்டியே ஏழெட்டு வருசம் ஒரு அறிகுறியும் இல்லாம திடகாத்திரமா நடமாடுவாங்க.

நான் வேலை செய்யறது ஒரு ஐசிடிசில, அதாவது எச்ஐவி டெஸ்ட் எடுத்து ஆலோசனை சொல்ற சென்டர். கேரளால இதுக்கு ஜ்யோதிஸ்னு பேரு, மருந்து குடுக்கற ஏஆர்டி சென்டருக்கு உஷஸ், பால்வினை நோய் கிளினிக்குக்கு புலரி. பேர மட்டும் பாத்தா கல்யாண மண்டபம்னு நெனப்பீங்க, பலபேர் எதுக்கான எடம்னு தெரியாமலே தாண்டி போறாங்க.

மாமா கேட்ட "ஏழாவது பையனுக்கு எதுக்கு"ங்கறதுக்கு வர்றேன். பதினெட்டு வயசுக்கு கீழ இருக்கற புள்ளைக்கு டெஸ்ட் எடுக்க பெத்தவங்க இல்லனா கார்டியன் சம்மதம் வேணும், அதான் சட்டம். அப்ப பதினாறு வயசு பொண்ணோ பையனோ பயந்து போயி வந்து நின்னா நான் மொதல்ல கேக்க வேண்டியது, வீட்டுல யாருகிட்டயாவது சொல்ல முடியுமா கண்ணு? பாதிப்பேர் அந்த கேள்விலயே எந்திரிச்சு போயிர்றாங்க. எங்ககிட்ட வர்ற வழியே வீட்டு வாசல் வழியாத்தான் இருக்கு, அந்த கதவு சாத்தியிருந்தா நாங்க எவ்ளோ பெரிய போர்டு வெச்சும் பிரயோஜனம் இல்ல.

அதே மாதிரி ஏதாவது ஆயிருச்சுன்னா, பலாத்காரமோ, அடுத்தவன் போட்ட ஊசி குத்திக்கிட்டதோ, 72 மணி நேரத்துக்குள்ள பெப் மருந்து ஆரம்பிச்சா தொற்று வராம தடுக்க முடியும், 28 நாள் விடாம சாப்பிடணும். சீக்கிரம் ஆரம்பிக்க ஆரம்பிக்க நல்லது. மூணு நாள்ங்கறது ஒரு புள்ள அம்மாகிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சே ஓடிப்போற நேரம்.

எம்எஸ்டபிள்யூ_முடிச்சவன்

சேச்சி, உங்க டெங்கு கதைய படிச்சு சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. ஏன்னா இதே கதைய நான் பாடத்துல படிச்சிருக்கேன், ஊரு மட்டும் மியாமி.

அங்க க்யூபா, மத்திய அமெரிக்கா பக்கம் இருந்து வந்த ஸ்பானிஷ் பேசற குடும்பங்க. புள்ளைங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் புடிச்சுக்குதுங்க, அப்பன் ஆத்தாளுக்கு வராது. ஸ்கூல் லெட்டர், டாக்டர் சீட்டு எல்லாத்துக்கும் புள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். என்ன சொல்லணும் என்ன முழுங்கணும்னு முடிவு பண்றது புள்ள. வீட்டுல யாரு பெரியவங்கங்கறதே தலைகீழாயிருது. மியாமி யுனிவர்சிட்டி ஆளுங்க ஃபமிலியாஸ் யூனிடாஸ்னு ஒரு திட்டம் போட்டப்ப புள்ளைங்களுக்கு எச்ஐவி பாடம் எடுக்கறதுல இருந்து ஆரம்பிக்கல, மொதல்ல பெத்தவங்கள வட்டமா உக்கார வெச்சு அவங்கள பேச வெச்சாங்க, ஸ்பானிஷ்ல. புள்ளையோட ஸ்கூல் எப்படி நடக்குது, கூட்டாளி யாரு, அவங்க அம்மா அப்பா யாரு, அப்புறம்தான் போதை, அப்புறம்தான் உறவு, காண்டம், எச்ஐவி. போதை பழக்கமும் பாதுகாப்பில்லாத உறவும் குறைஞ்சதா அவங்க ஆய்வுல வந்துச்சு.

சிகாகோல சேம்ப்னு இன்னொண்ணு, கறுப்பின குடும்பங்களோட. நாலாவது அஞ்சாவது படிக்கற பசங்க, பத்து வயசு. மாமா, ஏழாவதே லேட்டுங்கறாங்க அவங்க. அதுல எனக்கு புடிச்சது, நடத்துனது யுனிவர்சிட்டி ஆளுங்க மட்டும் இல்ல, அதே தெருவுல இருக்கற அம்மாக்களும் கமிட்டில உக்காந்து என்ன பேசணும்னு முடிவு பண்ணி அவங்களே கூட்டத்தையும் நடத்துனாங்க. பெத்தவங்க ஒரு ரூம், புள்ளைங்க ஒரு ரூம், அப்புறம் எல்லாரும் ஒண்ணா. அவங்க தேடுன முக்கியமான விசயம் பையன் எச்ஐவி பத்தி எத்தன மார்க் எடுக்கறான்ங்கறது இல்ல, பெரியவங்க யாரும் இல்லாத வீட்டுல பையனும் பொண்ணும் தனியா எத்தன மணி நேரம் இருக்காங்கங்கறது. இத ஒரு அம்மா மாத்த முடியும், லீஃப்லெட் மாத்தாது. தென்னாப்பிரிக்கால குவாசூலு நட்டால் பக்கம் இத கொண்டுபோனப்ப படிக்க தெரியாத பெத்தவங்களுக்காக கார்ட்டூன் கதையா மாத்திட்டாங்க.

எருத்தேம்பதி_மாமா

அமெரிக்காக்காரன் பாடு வேற தம்பி. அவன் ஊர்ல அந்த ஆளுங்களுக்கு அப்படி ஒரு பழக்கம், அதனால வருது. நம்மள எதுக்கு அதுல இழுக்கறீங்க.

லேப்_அக்கா

மாமா, அந்த "அந்த ஆளுங்களுக்கு அப்படி பழக்கம்"ங்கறததான் கொஞ்சம் நிறுத்துங்க. அமெரிக்கால கறுப்பினத்தவங்க ஜனத்தொகைல நூத்துக்கு பன்னெண்டு பதிமூணு பேர், புதுசா கண்டுபுடிக்கற எச்ஐவில மட்டும் நாப்பது பக்கம். பழக்கம் ஒண்ணும் பெருசா வேற இல்ல. இன்சூரன்ஸ் இல்ல, லேட்டா டெஸ்ட், லேட்டா மருந்து, ஆஸ்பத்திரிக்காரன் மேல நம்பிக்கை இல்ல, ஒரே சின்ன வட்டத்துக்குள்ள சுத்தி சுத்தி தொற்று. நம்ம லைன் வீட்ட பத்தி கூட அக்கம்பக்கத்துல "அந்த தமிழங்க அப்படித்தான்"னு பேசறத நீங்க கேட்டதே இல்லயா? நான் கேட்டிருக்கேன், ஒரு ஆஸ்பத்திரி வராந்தால, யூனிபார்ம் போட்டவங்க வாய்லயே.

கேரளால எச்ஐவி நாட்டு சராசரிய விட ரொம்ப கம்மிதான், அது உண்மை. அதுக்காக தூங்க முடியாது, 2025 மார்ச்ல மலப்புறம் வளாஞ்சேரில ஊசி பகிர்ந்து போட்டுக்கிட்டதுல பத்து பேர் பக்கம் பாசிடிவ்னு வந்தது எல்லா பேப்பர்லயும் இருந்துச்சு. ஊசிக்கு மதம் மொழி எல்லாம் தெரியாதுங்க.

சித்தூர்_அத்தை

நானும் சித்தூர்தான், கொஞ்சம் சொல்லலாமா?

எருத்தேம்பதி_மாமா

சித்தூர்ல எங்கம்மா? அணைக்கட்டு ரோடா? நம்ம சொந்தக்காரங்க நெறைய பேர் அங்க இருக்காங்க.

சித்தூர்_அத்தை

ஐயோ உங்க பாலக்காட்டு சித்தூர் இல்லண்ணா, நான் ஆந்திரா சித்தூரு. வேலூர் தாண்டி. எங்களுக்கும் வீட்ல தமிழு, வெளிய தெலுங்கு.

எங்க அண்ணன் கம்பெனி வேலைன்னு ஊர் ஊரா சுத்திகினு இருந்தாரு. 2009ல போய் சேர்ந்தாரு. கடைசியா ஒரு ஆஸ்பத்திரில கேஸ் ஷீட் மேல செவப்பு மையில எச்ஐவின்னு பெருசா எழுதி கட்டில் தலமாட்ல மாட்டிட்டாங்க, பாக்க வர்றவங்க எல்லாம் அத படிச்சுட்டு வாசலோடயே திரும்பி போனாங்க. அண்ணியும் ரெண்டு வருசத்துல. கொழந்தைக்கு அப்போ நாலு வயசு, அவனுக்கும் இருந்துச்சு. நான் இட்டுனு வந்துட்டேன்.

கவர்மெண்ட் ஏஆர்டி சென்டர்ல மாத்திரை இலவசம். தெனம் ஒரே நேரத்துக்கு குடுக்கணும். சத்து மாத்திரைடா, உனக்கு சளி தொல்லை இருக்குதில்லன்னு சொல்லியே பன்னெண்டு வயசு வரைக்கும் ஓட்டிட்டேன். சென்டர்ல கவுன்சிலர் மேடம் ஒவ்வொரு தடவையும் சொல்வாங்க, பத்து வயசுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா சொல்ல ஆரம்பிங்கம்மா, நாங்க கூட இருக்கோம்னு. அடுத்த மாசம் அடுத்த மாசம்னு நான் தள்ளினு போனேன். பதிமூணு வயசுல லாக்டவுன், ஆன்லைன் கிளாஸ், கைல போனு. டப்பா மேல இருந்த பேர அடிச்சு பாத்துட்டான்.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு தட்ட தனியா எடுத்துனு போயி திண்ணைல உக்காந்தான். ஏன்டான்னா, உனக்கும் வந்துடும் அத்தை, தள்ளி உக்காருன்றான். சேந்து சாப்பிட்டா வராதுன்னு எனக்கு தெரியும், ஒம்பது வருசமா அவன் எச்சில் தட்டுல சாப்பிட்டவ நானு. அத அவங்கிட்ட ஒரு தடவ கூட வாய தொறந்து சொன்னதில்லயே. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் மாத்திரைய வாய்ல போட்டுக்கினு கொல்லைல போயி துப்பிட்டு வந்திருக்கான். வைரல் லோடு, ரத்தத்துல இருக்கற கிருமி அளவு, ஏறின பின்னாடிதான் எனக்கு தெரிஞ்சுது.

இப்ப பதினெட்டு ஆச்சு, நல்லா இருக்கான், ரத்தத்துல கண்டுபுடிக்க முடியாத அளவுக்கு எறங்கிடுச்சு. அந்த அளவுல நின்னா உறவு மூலமா அடுத்தவங்களுக்கு போகாதுன்னு டாக்டரே உக்காத்தி வெச்சு சொன்னாரு. இவனும் ஒரு நாள் ஒரு பொண்ண புடிச்சிருக்குன்னு வந்து நிப்பான் இல்ல? மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும்னு நெனைக்கறேன். எங்க டுவாக்ரா (பொம்பளைங்க சுய உதவி குழு) மீட்டிங்ல லோன பத்தி எவ்ளோ சத்தமா பேசறோம், இத ஒரு நாள் பேசினது கெடையாது.

லேப்_அக்கா

அத்தை, உங்க பதிவ ரெண்டு தரம் படிச்சேன். அந்த செவப்பு மை விசயம் இப்ப சட்டப்படி கூடாது. 2017ல எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் வந்து 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு. சம்மதம் இல்லாம ஒருத்தரோட நிலைய வெளிய சொல்லக்கூடாது, படிப்பு வேலை வைத்தியம் எதுலயும் ஒதுக்கக்கூடாது. ஆந்திரால நாட்டு சராசரிய விட மூணு மடங்கு பக்கம் தொற்று, உங்கள மாதிரி அத்தைங்க நெறைய பேர் இருக்காங்க, வெளிய தெரியாது அவ்ளோதான்.

கஞ்சிக்கோடு_நைட்ஷிப்ட்

எல்லாம் சரிங்க. எனக்கு ஒரு பையன், பதினாலு. பேசணும்னு முடிவு பண்ணி மொட்டமாடிக்கு கூட்டிட்டு போனேன். போயி நின்னா வார்த்தை வரல. நெசமா சொல்றேன், தமிழ்ல என்ன வார்த்தைங்க இருக்கு? ஒண்ணு கெட்ட வார்த்தை, இல்ல அறிவியல் புஸ்தகம். ஆணுறைன்னு என் வாயால சொன்னா நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு. நிரோத்னா எங்க தாத்தா காலத்து செவுத்து விளம்பரம். கடைசில டேய் பாத்து இருந்துக்கடா, எல்லாத்துலயும்னேன். அவன் சரிப்பா ஹெல்மெட் போட்டுட்டுதான் ஓட்டறேன்னான். எறங்கி வந்துட்டோம்.

எம்எஸ்டபிள்யூ_முடிச்சவன்

ஹெல்மெட் 😂 அண்ணா கைய குடுங்க, அவன் உங்க கூட மாடிக்கு வந்தான்ல, அதுவே பாதி.

வார்த்தை விசயம் நெசமாவே பெரிய விசயம். உங்க பையனுக்கு மலையாளத்துல புஸ்தக வார்த்தை தெரியும், போன்ல இங்கிலீஷ் வார்த்தை தெரியும், வீட்டுல தமிழ்ல "அந்த எடம்", "அது". பொண்ணுங்களுக்கு தூரம், தீட்டு. வீட்டு பாஷைல பேர் இல்லாத விசயம் வீட்டுக்கு வெளியதான் நடக்கும்னு புள்ள முடிவு பண்ணிரும். ஒரே நாள்ல மாடில நிறுத்தி எல்லாத்தையும் கொட்ட வேணாம். டிவில நியூஸ் வர்றப்ப, யாரோ ஒரு பையன் ஊசில மாட்டினான்னு பேச்சு வர்றப்ப, வண்டில போறப்ப, ரெண்டு ரெண்டு வாக்கியம். வண்டி நல்ல எடம், மூஞ்சிய பாக்க வேண்டியதில்ல. காண்டம்னே சொல்லுங்க, எல்லாருக்கும் புரியும்.

நடத்துநர்

ஒரு பதிவ எடுத்துட்டேன். பையன் படிக்கற ஸ்கூல் பேரும் தெரு பேரும் போட்டிருந்தாங்க. இந்த இழைல ஊர் அளவோட நிறுத்திக்கங்க, ப்ளீஸ். 1097 எய்ட்ஸ் ஹெல்ப்லைன், இலவசம், பேர் சொல்லாமலே கேக்கலாம்.

கல்பாத்திக்கு_அந்தப்பக்கம் (இழையை ஆரம்பித்தவர்)

ஞாயித்துக்கிழம நடந்துச்சுங்க. சொல்றேன்.

பொம்பளைங்க பதினோரு பேர், ஆம்பளைங்க மூணு. அதுல ஒருத்தர் டீ குடிக்க வந்தவர். வாராந்திர சேமிப்பு காச எழுதி முடிச்சுட்டு ஆஷா சேச்சி என்னைய பாக்கறாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. எச்ஐவின்னு ஆரம்பிக்கவே இல்ல நான், அந்த டெங்கு பேப்பர எடுத்து நடுவுல வெச்சு, இத யாராவது படிங்கன்னேன். பதினோரு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் மலையாளம் படிக்க வந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தியா ஆரம்பிச்சா பாருங்க, என் பொண்ணு பரிச்ச பேப்பர்ல இப்படித்தான், என் பையன் பிடிஏ மீட்டிங்கே இல்லன்னு சொன்னான், டீச்சர் என்னைய திட்டினத இவ "அம்மாவ பாராட்டறாங்க"ன்னு சொன்னா. ஒரே சிரிப்பு. சிரிச்சு முடிச்சப்ப ஒருத்தி மட்டும் சிரிக்காம, என் மகளுக்கு வெள்ளைபடுதுன்னு டாக்டர்கிட்ட போனப்ப டாக்டர் சொன்னத எல்லாம் அவதான் எனக்கு சொன்னா, முழுசா சொன்னாளான்னு இப்ப தெரியலன்னா. கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அங்கிருந்துதான் பேச்சு புடிச்சுது. ரெண்டு மணி நேரம். கொசு கடிச்சா எச்ஐவி வருமான்னு கேட்டாங்க, வராதுன்னேன் (டெங்கு வரும்னேன்). பச்சகுத்தற ஊசி, ஒரே பிளேடு, தாய்ப்பால் எல்லாம் வந்துச்சு. கர்ப்பத்துலயே டெஸ்ட் எடுத்து மருந்து சாப்பிட்டா கொழந்தைக்கு போறத நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ கொண்டு வரலாம்னு ஆஷா சேச்சி மலையாளத்துல சொன்னாங்க, நான் தமிழ்ல சொன்னேன். அத்தை, உங்க பையன் கதைய ஊர் பேர் சொல்லாம சொன்னேன், திண்ணை வரைக்கும். மன்னிச்சுக்கங்க, கேக்காம சொல்லிட்டேன்.

சரியா வராததும் இருக்கு. காண்டம்னு நான் சொன்னதும் ரெண்டு பேர் எந்திரிச்சு போயிட்டாங்க, அதுல ஒருத்தி என் நாத்தனார். இன்னிக்கு வரைக்கும் பேசல. பதினெட்டுக்கு கீழன்னா போக்சோ (சின்ன புள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்கற சட்டம்) கேஸ் ஆயிருமேன்னு ஒருத்தங்க கேட்டாங்க, அப்ப புள்ள எதையாவது சொன்னா நாம போலீசுக்கு போகணுமான்னு. ஆஷா சேச்சிக்கே அங்க தடுமாற்றம், வக்கீல கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி பையன்கிட்ட அந்த பேப்பர குடுத்து, இப்ப படிச்சு காட்டு, ஒரு வரி விடாமன்னேன். மூஞ்சிய சுவத்துப்பக்கம் திருப்பிக்கிட்டு படிச்சான். எச்ஐவி வந்த எடத்துல நிறுத்தினான். நான், புலிராஜா போர்டு கதைய சொன்னேன். யாரும்மா புலிராஜான்னான். தெரியாதுடா, கேட்டேன், தாத்தா சொல்லலன்னேன். திரும்பி என்னைய பாத்துட்டு மீதிய படிச்சான்.

சித்தூர்_அத்தை

சொன்னது பரவால்லமா. பேர் போடாம எத்தன பேருக்கு வேணா சொல்லு.

எருத்தேம்பதி_மாமா

எனக்கு இன்னும் பத்து வயசுலங்கறது ஒப்பல. ஆனா பேத்தி இங்கிலீஷ் மீடியம், நானும் அவ கொண்டு வர்ற பேப்பர்ல எல்லாம் கண்ண மூடிட்டு கையெழுத்து போடறேன். அடுத்த கூட்டம் எப்பங்க அம்மிணி?

கல்பாத்திக்கு_அந்தப்பக்கம் (இழையை ஆரம்பித்தவர்)

ரெண்டாம் ஞாயிறு மாமா, மூணு மணி. உங்க வீட்டு அத்தையையும் கூட்டிட்டு வாங்க.

வாளையார்_கிளீனர்

லேப் அக்கா, ஒரு கேள்வி. நான் லாரில இருந்து எறங்கி பத்து வருசம் ஆச்சு, இன்னும் டெஸ்ட் எடுத்ததில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கணும்னு நெனச்சேன், பயம். பொண்ணு பொறந்தப்ப சம்சாரத்துக்கு ஆஸ்பத்திரில எடுத்தாங்க, நெகடிவ்னாங்க, அத வெச்சு மனச தேத்திக்கிட்டேன். என் பொண்ணுக்கு இப்ப பதினொண்ணு. நான் எடுக்காம அவகிட்ட எப்படி பேசறது.

லேப்_அக்கா

சம்சாரத்தோட ரிசல்ட் உங்க ரிசல்ட் ஆகாது தம்பி. வாங்க. காசு கிடையாது, மொதல்ல கவுன்சிலர் பேசுவாங்க, கைல கொஞ்சம் ரத்தம், பெரும்பாலும் அன்னைக்கே தெரிஞ்சிரும். ஒரு கிட்ல ஏதாவது காட்டினாலும் அதோட முடிவு பண்ண மாட்டோம், மூணு வேற வேற கிட்ல பாத்துட்டுதான் சொல்லுவோம். கடைசியா ரிஸ்க் எடுத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா ரிசல்ட்ட நம்பலாம், உங்களுக்கு பத்து வருசம் ஆச்சு.

வாளையார்_கிளீனர்

திங்கக்கிழம வர்றேன். வெறும் வயித்துலயா வரணும்?

லேப்_அக்கா

அது சுகருக்கு. நீங்க சாப்டுட்டே வாங்க.